முட்டைக்குள் இருக்கும் பிச்சுவை விற்கலாமா?

போகிமான் விளையாட்டுகளில் வரும் நூற்றுக்கணக்கான உயிர்களில் பிச்சு ஒரு குட்டி. உயரம் 30 சென்டிமீட்டர், எடை 2 கிலோ. கன்னங்களில் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் இனத்தில் பிறந்தும், அதைக் கட்டுப்படுத்தும் பக்குவம் அதற்கு இன்னும் வரவில்லை. திடுக்கிட்டாலும் சிரித்தாலும் மின்சாரம் தானாகக் கசிந்து தன்னையே தாக்கிவிடும். இரண்டு பிச்சுகள் விளையாடும்போது தெறிக்கும் பொறிகளைப் பார்த்துப் பயந்து அவையே அழத் தொடங்கிவிடும் என்று விளையாட்டுக்குள் இருக்கும் ‘போகிடெக்ஸ்’ குறிப்பு சொல்கிறது. 2001இல் வந்த ‘சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலே’ என்ற சண்டை விளையாட்டிலும் இந்தக் குணத்தை மாற்றவில்லை. பிச்சு மின்சாரத்தால் தாக்கும் ஒவ்வொரு முறையும் எதிராளியோடு சேர்ந்து அதற்கும் அடி விழும். உலகம் முழுக்கத் தெரிந்த பிகாச்சுவின் குழந்தைப் பருவம் இதுதான். பிள்ளைகளின் வீடியோ விளையாட்டுகளைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நம் வீடுகளிலும் பள்ளிகளிலும் இரண்டு கேள்விகள்தான் எழுகின்றன: அதில் அடிதடி இருக்கிறதா, எத்தனை மணி நேரம் ஆடுகிறார்கள். இரண்டுமே நியாயமான கேள்விகள். ஆனால் அவற்றைவிட ஆழமான ஒன்றை நாம் கேட்பதே இல்லை. திரையில் ஒரு குட்டி வளர்வதற்கு ஈடாக அந்த விளையாட்டு பிள்ளையிடம் எதை வாங்கிக்கொள்கிறது? 1999இல் பிச்சு கேட்டது பொறுமையையும் பரிவையும். 2016க்குப் பிறகு செல்பேசியில் அதே பிச்சுவைக் காட்டிக் கேட்கப்படுவது பணம். அதுவும் என்ன கிடைக்கும் என்று தெரியாமல் கொடுக்க வேண்டிய பணம். முதலாவது, பிள்ளைகளுக்கான விளையாட்டு வடிவமைப்பில் நிகழ்ந்த மிக நல்ல காரியங்களில் ஒன்று. இரண்டாவதை இப்படியே விட்டுவைக்கக் கூடாது.

முதலாவது எப்படி வந்தது என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். போகிமானை உருவாக்கிய சதோஷி தாஜிரி டோக்கியோவை ஒட்டிய மச்சிதாவில் வளர்ந்தவர். சிறுவயதில் பூச்சி பிடித்துச் சேர்ப்பதில் அவருக்கு அப்படியொரு ஆர்வம். அவர் பூச்சி தேடித் திரிந்த வயல்களும் குளங்களும் நகரம் பெருகியபோது கட்டடங்களுக்கு அடியில் போயின. அந்தத் தேடலின் மகிழ்ச்சியை அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கும் ஆசையிலிருந்து பிறந்தவைதான் 1996 பிப்ரவரி 27 அன்று ஜப்பானில் ‘கேம் பாய்’ கருவிக்காக வெளியான ‘ரெட்’, ‘கிரீன்’ விளையாட்டுகள். அவற்றில் மொத்தம் 151 உயிர்கள். ஓர் உயிர் வளர்ந்து அடுத்த வடிவத்துக்கு உருமாற அப்போது மூன்றே வழிகள் இருந்தன: சண்டையில் வென்று நிலை ஏறுவது, ஒரு சிறப்புக் கல்லைப் பயன்படுத்துவது, இன்னொருவரோடு பரிமாறிக்கொள்வது. வெற்றி, பொருள், பண்டமாற்று ஆகிய மூன்றைத் தாண்டி வளர்ச்சிக்கு அங்கே வேறு பொருள் இல்லை. அந்த உலகத்தில் குழந்தைப் பருவமே கிடையாது. புல்வெளியில் எதிர்ப்படும் எந்த உயிரும் முதல் நொடியிலிருந்தே சண்டைக்குத் தயாராக இருக்கும்.

1999 நவம்பர் 21 அன்று வந்த ‘கோல்ட்’, ‘சில்வர்’ விளையாட்டுகள் நூறு புதிய உயிர்களைக் கொண்டுவந்தன. அவற்றோடு பாலினம், முட்டை, குட்டி ஆகிய மூன்றும் வந்தன. கோல்டன்ராட் நகரத்துக்குத் தெற்கே ஒரு முதிய தம்பதியர் நடத்தும் பராமரிப்பு இல்லத்தில் இரண்டு உயிர்களை விட்டுவைத்தால், சிறிது காலம் கழித்து அவர்கள் ஒரு முட்டையைக் கொடுப்பார்கள். அது எங்கிருந்து வந்தது என்று அவர்களுக்கே தெரியாது. முட்டையைச் சுமந்துகொண்டு நடந்தால்தான் பொரியும். பிச்சுவின் முட்டைக்குச் சுமார் 2,500 அடிகள். பிச்சு, கிளெஃபா, இக்லிபஃப், டோகெபி உட்பட எட்டுக் குட்டிகள் அந்த ஆண்டில் அறிமுகமாயின. பின்னால் வந்தவற்றையும் சேர்த்தால் இதுவரை 19. இந்தக் குட்டிகளால் முட்டை தர முடியாது. காட்டில் இவற்றைப் பிடிப்பதும் தொடக்கத்தில் ஏறத்தாழ இயலாத காரியம். ஒரு குட்டி வேண்டும் என்றால் அதைப் பிறப்பிலிருந்து வளர்த்தாக வேண்டும்.

இப்படிப் பிறந்த பிச்சு பிகாச்சுவாக மாறுவதற்கு விளையாட்டு வைத்த நிபந்தனைதான் நம் விஷயத்தின் மையம். அது எத்தனை சண்டையில் வென்றது என்பது அங்கே கணக்கில் வராது. வளர்ப்பவர் மேல் அதற்கு எவ்வளவு ஒட்டுதல் ஏற்பட்டிருக்கிறது என்பதுதான் கணக்கு. 0 முதல் 255 வரை ஓடும் ஓர் அளவு உள்ளே இருக்கிறது. பொரித்த குட்டி 120இல் தொடங்கும். 220ஐத் தொட்டபின் ஒரு நிலை ஏறினால் உருமாறும். நடை மட்டும் போதும் என்று இருந்தால் 512 அடிக்கு ஒரு புள்ளி. அதாவது ஐம்பதாயிரம் அடிகளுக்கு மேல் அதைக் கூட்டிக்கொண்டு நடக்க வேண்டும். கோல்டன்ராட் நகரத்துச் சுரங்கப் பாதையில் முடி திருத்தும் இரண்டு சகோதரர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் கூட்டிப்போனால் ஒட்டுதல் கூடும். சண்டையில் மயங்கி விழ விட்டால் குறையும். அதே சுரங்கப் பாதையில் ஒரு மூலிகைக் கடையும் உண்டு. அங்கே விற்கும் மருந்துகள் விலை மலிவு, நன்றாக வேலையும் செய்யும், ஆனால் கசப்பு. அவற்றைக் கொடுத்தால் உடம்பு தேறும், வளர்ப்பவர் மேல் இருந்த பிரியம் குறையும். இந்த அளவை எந்த இடத்திலும் எண்ணாகக் காட்டவில்லை என்பது எல்லாவற்றையும்விட முக்கியம். நகரத்தில் ஒரு வீட்டில் இருக்கும் பெண்ணிடம் போய்க் கேட்டால், உன்மேல் இதற்கு நல்ல பிரியம் இருக்கிறது என்றோ, இன்னும் கொஞ்சம் அக்கறை காட்டு என்றோ வாய்வார்த்தையாகச் சொல்வார். அவ்வளவுதான். மதிப்பெண்களாலேயே அளக்கப்பட்டு வளரும் ஒரு பிள்ளையின் கையில், மதிப்பெண் காட்டாத ஓர் உறவைக் கொடுத்தது அந்த விளையாட்டு. அதன் மதிப்பை நாம் இன்னும் சரியாக உணரவில்லை.

இது ஏதோ தற்செயலாக நுழைந்த விதி என்று சொல்ல முடியாதபடி, அதே விளையாட்டின் கதையிலும் அதைப் பின்னியிருக்கிறார்கள். தொடக்கத்திலேயே ஒரு சிறுவன் ஆய்வுக்கூடத்திலிருந்து ஓர் உயிரைத் திருடிக்கொண்டு ஓடுகிறான். பலவீனமான உயிர்களை வெறுக்கிறான், தன்னுடையவற்றையும் கடுமையாக நடத்துகிறான். வழியில் தோற்கிறான், உன்னிடம் அன்பு இல்லை என்று பெரியவர் ஒருவர் சொன்னதை நினைத்துக் குமைகிறான். அவனிடம் கோல்பாட் என்ற வௌவால் இனத்து உயிர் ஒன்று இருக்கும். கதை முடிந்த பிறகும் அவன் சவாலுக்கு வருவான். அந்தக் கடைசிச் சந்திப்புகளில் அந்தக் கோல்பாட், குரோபாட்டாக உருமாறி நிற்கும். குரோபாட்டாக மாறுவதற்கும் பிச்சுவுக்கு உள்ள அதே நிபந்தனைதான். ஒட்டுதல் இல்லாமல் அந்த உருமாற்றம் நடக்காது. நான் திருந்திவிட்டேன் என்று அந்தச் சிறுவன் வாய் திறந்து சொல்ல வேண்டிய தேவையே இல்லை. தன் பிச்சுவைப் பொறுமையாக வளர்த்த பிள்ளை, எதிரே நிற்கும் குரோபாட்டைப் பார்த்த மாத்திரத்தில் அவன் மனம் மாறியதைப் புரிந்துகொள்ளும். ஒரு விதியை வைத்தே ஒரு மனிதனின் மாற்றத்தைச் சொல்வது நாவலாலும் திரைப்படத்தாலும் முடியாதது. விளையாட்டுக்கென்றே உரிய கலை அது.

இதெல்லாம் வெறும் எண் விளையாட்டுத்தானே, 220 என்ற இலக்கை எட்டுவதற்கு அன்பு என்று பெயர் சூட்டினால் ஆயிற்றா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். திரையில் இருக்கும் பிச்சுவுக்கு உணர்வு இல்லை, பசி இல்லை. அதை நேசிக்கும் பிள்ளை ஓர் உயிரை நேசிக்கவில்லை. ஆனால் விதிகள் எதைப் பழக்குகின்றன என்பதுதான் இங்கே பார்க்க வேண்டியது. மலிவான மருந்து கசக்கும் என்பதால் விலை கூடிய மருந்தை வாங்குவது, பலன் உடனே தெரியாதபோதும் கூட்டிக்கொண்டு நடப்பது, தோற்கக்கூடிய சண்டைக்குப் பலவீனமானதை அனுப்பாமல் இருப்பது ஆகிய எல்லாமே, அடுத்தவரின் நிலையைக் கணக்கில் எடுத்துச் செய்யும் செயல்கள். பிள்ளைகள் பொம்மையைத் தூங்க வைப்பதை நாம் பொய் என்று தள்ளுவதில்லை. அடுத்த எதிர்வாதம் இன்னும் கனமானது. கடைசியில் பிச்சு ஒரு நிலை ஏற வேண்டும், அதற்குச் சண்டைதானே வேண்டும் என்பார்கள். ‘ரேர் கேண்டி’ என்ற மிட்டாய் ஒன்றைக் கொடுத்தாலே ஒரு நிலை ஏறிவிடும் என்பது விளையாடியவர்களுக்குத் தெரியும். ஆனாலும் இந்தத் தொடரின் அடித்தளம் சண்டைதான் என்பதை மறுக்க முடியாது. பிச்சு அந்த அடித்தளத்தை அகற்றிவிடவில்லை. சண்டையில் வென்றால் மட்டும் போதாது என்று சொல்லும் ஓர் இடத்தை அதற்குள் உண்டாக்கியது.

இன்னொரு ஜப்பானிய விளையாட்டுப் பொருளோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். 1996 நவம்பரில் பண்டாய் நிறுவனம் வெளியிட்ட தமகோச்சி, முட்டையிலிருந்து வரும் ஒரு மின்னணுக் குட்டி. நேரத்துக்குச் சாப்பாடு போட வேண்டும், சுத்தம் செய்ய வேண்டும். தவறினால் அது செத்துப்போகும். பிள்ளைகள் அதைப் பள்ளிக்கும் தூக்கிக்கொண்டு போனார்கள், பல பள்ளிகள் தடை விதித்தன. தமகோச்சி பரிவைக் கேட்டது உண்மை, ஆனால் அச்சத்தின் மூலம் கேட்டது. பிச்சு அப்படி அச்சுறுத்தாது. கருவியை அணைத்துவிட்டு ஒரு மாதம் கழித்து வந்தாலும் விட்ட இடத்தில் இருக்கும். ஒட்டுதல் ஒரு புள்ளிகூடக் குறைந்திருக்காது. பிள்ளையின் நேரத்தின் மேல் அது உரிமை கொண்டாடவில்லை. இன்றைக்குச் செல்பேசிச் செயலிகள் நாள்தோறும் வரச் சொல்லி, வராவிட்டால் ஏதோ ஒன்று போய்விடும் என்று மிரட்டி, அறிவிப்பு மேல் அறிவிப்பு அனுப்பும் காலத்தில், 1999இன் அந்த நிதானம் எவ்வளவு அரியது என்பது உறைக்கிறது.

போகிமான் தொடருக்குள்ளேயே இந்த நல்ல விதி சிதைந்த கதையும் உண்டு. ஒவ்வொரு உயிரின் வலிமைக்கும் பிறவியிலேயே அமையும் 0 முதல் 31 வரையான மறைவான அளவுகள் இருக்கின்றன. குணாதிசயமும் பிறப்பிலேயே முடிவாகிவிடும். போட்டிகளில் ஆடுபவர்களுக்கு எல்லா அளவும் உச்சத்தில் இருக்கும் குட்டி தேவைப்பட்டது. எனவே நூற்றுக்கணக்கில் முட்டைகளைப் பொரிக்க வைத்து, தேறாதவற்றை விடுவித்துவிடுவது ஒரு வழக்கமாயிற்று. நிறம் மாறிப் பிறக்கும் அபூர்வக் குட்டிக்கான வாய்ப்பு முதலில் 8,192இல் ஒன்று, 2013க்குப் பிறகு 4,096இல் ஒன்று. அதற்காகவும் ஆயிரக்கணக்கான முட்டைகள் பொரிக்கப்பட்டன. ஒரே நேர்ப்பாதையில் மிதிவண்டியை முன்னும் பின்னும் ஓட்டிக்கொண்டே இருப்பது, பார்த்த உடனே குட்டியைத் தள்ளிவிடுவது என்று, பரிவைக் கற்றுக்கொடுத்த முட்டையே ஒரு தொழிற்சாலையின் மூலப்பொருள் ஆகிவிட்டது. பிச்சுவைப் புகழ்பவர்கள் இதை மறைத்துவிட்டுப் பேசக் கூடாது.

ஆனால் வடிவமைப்பாளர்கள் அதைக் கண்டுகொள்ளாமல் இருக்கவில்லை. 2016இல் வந்த ‘சன்’, ‘மூன்’ விளையாட்டுகளில், ஏற்கெனவே வளர்த்துவைத்திருக்கும் உயிரையே பயிற்சியால் உச்ச வலிமைக்குக் கொண்டுவர வழி செய்தார்கள். 2019இல் குணாதிசயத்தின் விளைவையும் பிறகு மாற்றிக்கொள்ள முடிந்தது. 2022இன் ‘ஸ்கார்லெட்’, ‘வயலெட்’ அந்தப் பயிற்சிக்கான நிலையை 100இலிருந்து 50ஆக இறக்கியது. முட்டை கிடைக்கும் இடத்தையும் பராமரிப்பு இல்லத்திலிருந்து சுற்றுலாவுக்கு விரித்த விரிப்பில் இருக்கும் கூடைக்கு மாற்றியது. கையில் இருக்கும் குட்டியைக் கைவிடாமலே அதை மேலே கொண்டுவரலாம் என்ற திசையில் விதிகள் நகர்ந்தன. தவறான பழக்கம் வேரூன்றிய பிறகும், ஆட்டக்காரர்களைக் கடிந்துகொள்ளாமல், விதியை மாற்றிச் சரிசெய்யலாம் என்பதற்கு இது சான்று. செல்பேசி விளையாட்டைப் பற்றிப் பேசும்போதும் இந்தச் சான்றை நாம் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

‘போகிமான் கோ’ என்ற அந்தச் செல்பேசி விளையாட்டு 2016 ஜூலையில் முதலில் சில நாடுகளில் வெளியானது. இந்தியாவுக்கு அதே ஆண்டு டிசம்பரில் ரிலையன்ஸ் ஜியோவின் கூட்டோடு வந்தது. பிச்சுவும் டோகெபியும் மற்றச் சில குட்டிகளும் முட்டை வழியாக அதில் சேர்க்கப்பட்டதும் அதே வாரத்தில்தான். தெருவில் நடந்தால் வழியில் முட்டைகள் கிடைக்கும். வகையைப் பொறுத்து இரண்டு, ஐந்து, பத்து கிலோமீட்டர் நடந்தால் பொரியும். குட்டிகள் பெரும்பாலும் முட்டை வழியாகவே கிடைக்கும். மேலோட்டமாகப் பார்த்தால் 1999இன் பொறுமைதான் நிஜத் தெருவுக்கு வந்துவிட்டது போல் தெரியும். முட்டையைப் பொரிக்க ஓர் இன்குபேட்டர் வேண்டும் என்பதில்தான் எல்லாம் மாறுகிறது. எத்தனை முறையும் பயன்படுத்தத்தக்க இன்குபேட்டர் ஒன்று இலவசம். பையில் ஒன்பது முட்டைகள் இருக்கும். ஒரு நேரத்தில் ஒன்றுதான் பொரியும். மற்றவற்றையும் சேர்த்துப் பொரிக்க, மூன்று முறை பயன்படுத்தியதும் உடைந்துபோகும் இன்குபேட்டரை 150 நாணயம் கொடுத்து வாங்க வேண்டும். ஆட்டத்துக்குள் உழைத்துச் சம்பாதிக்கக்கூடிய நாணயம் நாளுக்கு அதிகபட்சம் 50 என்று 2017இலிருந்து வரம்பு. அந்த வரம்பை எட்டுவதும் எல்லோராலும் ஆகாது. குறுக்குவழி உண்மையான பணம். இத்தனையும் கடந்து முட்டைக்குள்ளிருந்து என்ன வரும் என்பது முழுக்க முழுக்கக் குலுக்கல். பிச்சு கிடைத்த பிறகும், பிகாச்சுவாக்க அதற்கு ஒட்டுதல் வேண்டியதில்லை. 25 மிட்டாய்கள் சேர்த்தால் போதும்.

இங்கே விற்கப்படுவது எது என்று பெயரிட்டுச் சொல்ல வேண்டும். முட்டை இலவசம், நடையும் இலவசம். விற்கப்படுவது குலுக்கலில் இன்னொரு முறை கலந்துகொள்ளும் வாய்ப்பு. அந்த வாய்ப்பின் மேல் ஒரு குட்டியின் முகம் ஒட்டப்பட்டிருக்கிறது. விலங்கின நடத்தை ஆய்வாளர் கொன்ராட் லோரென்ஸ் 1943லேயே எழுதியதுதான்: பெரிய தலை, பெரிய கண், உப்பிய கன்னம், குட்டையான கைகால் ஆகியவற்றைக் கண்டால் மனிதருக்குள் பராமரிக்கும் உந்துதல் எழுகிறது, குழந்தையைக் கண்டாலும் எழும், நாய்க்குட்டியைக் கண்டாலும் எழும். பிச்சுவின் ஒவ்வொரு கோடும் அந்த உந்துதலைத் தட்டி எழுப்பும்படி வரையப்பட்டது. அதில் தவறில்லை, 1999இல் அந்த உந்துதலை எழுப்பிவிட்டு அது போய்ச் சேர வேண்டிய இடத்தையும் விளையாட்டு காட்டியது. நட, முடி திருத்து, கசப்பு மருந்தைத் தவிர் என்றது. செல்பேசியில் அதே உந்துதல் எழுந்து நேரே கடைத் திரைக்குப் போகிறது. பராமரிக்கத் துடிக்கும் மனதைக் குலுக்கலுக்கு வாடிக்கையாளராக மாற்றுவது, குறிப்பாக அந்த மனம் ஒன்பது வயதுப் பிள்ளையுடையதாக இருக்கும்போது, வணிகத் தந்திரம் என்ற அளவோடு மன்னித்துவிடக்கூடியதல்ல.

இதற்கு வரும் மறுப்புகளில் வலுவானவை உண்டு. வீட்டை விட்டு வெளியே வராத கோடிக்கணக்கானோரை இந்த விளையாட்டு நடக்க வைத்தது என்பது உண்மை. பத்து கிலோமீட்டர் முட்டைக்காகப் பூங்காவைச் சுற்றும் பிள்ளை, நாற்காலியில் சாய்ந்து கிடக்கும் பிள்ளையைவிட நல்ல நிலையில் இருக்கிறது. அந்தப் பலன் நடையிலிருந்து வருகிறது. குலுக்கலை எடுத்துவிட்டாலும் நடை மிஞ்சும். இலவச விளையாட்டுக்கு யாராவது செலவு செய்தால்தானே அது நடக்கும் என்பதும் சரிதான். உடை, அலங்காரம், கூடுதல் பை, நிகழ்ச்சி நுழைவு என்று எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கும் பொருள்கள் அதே கடைத் திரையில் உண்டு. வருமானத்துக்கு அவை இருக்கட்டும்.

போகிமான் அட்டைகளும் 1996லிருந்து மூடிய உறைகளில்தானே விற்கின்றன, உள்ளே எது என்று தெரியாமல்தானே பிள்ளைகள் வாங்குகிறார்கள் என்ற கேள்விதான் இவற்றில் கடினமானது. ஆம், அதிலும் குலுக்கல் இருக்கிறது. அதையும் நான் முழுமையாக ஆதரிக்கவில்லை. ஆனால் அட்டை உறையின் மேல் விலை ரூபாயில் அச்சிட்டிருக்கும். கடைக்குப் போக வேண்டும், காசை எண்ணிக் கொடுக்க வேண்டும், கடையை இரவில் பூட்டிவிடுவார்கள். இந்தத் தடைகள் ஒவ்வொன்றும் பிள்ளைக்குப் பாதுகாப்பு. செல்பேசியில் ரூபாய் நாணயமாகி, நாணயம் இன்குபேட்டராகி, இன்குபேட்டர் முட்டையாகிறது. மூன்று முறை உருமாறிய பிறகு செலவு எவ்வளவு என்று பெரியவர்களுக்கே கணக்குப் பிடிபடாது. பெற்றோர் பார்த்துக்கொள்ள வேண்டியதுதானே என்று சொல்பவர்களுக்கும் இதுவே பதில். பெற்றோருக்குப் பொறுப்பு உண்டு. கணக்கு மறைக்கப்பட்ட ஒன்றைக் கண்காணிக்கும் பொறுப்பை அவர்கள் தலையில் முழுவதுமாகச் சுமத்துவது நியாயமாகாது.

உலகின் பல அரசுகள் இந்த முடிவுக்கு ஏற்கெனவே வந்துவிட்டன. போகிமான் பிறந்த ஜப்பானிலேயே, குலுக்கலில் கிடைக்கும் பொருள்களை ஒரு முழுத் தொகுப்பாகச் சேர்த்தால் பெரும்பரிசு என்ற ‘கொம்ப்பு காச்சா’ முறை சட்டத்துக்கு மாறானது என்று நுகர்வோர் விவகார முகமை 2012இல் அறிவித்தது. குலுக்கலின் வாய்ப்பு விகிதங்களை வெளியிட வேண்டும் என்ற விதி சீனாவில் 2017 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஆப்பிள் தன் செயலிக் கடையில் விற்கும் விளையாட்டுகளுக்கு அந்த நிபந்தனையை வைத்தது. 2018இல் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம், பணம் கொடுத்து வாங்கும் ‘லூட் பாக்ஸ்’ என்ற குலுக்கல் பெட்டி சூதாட்டமே என்று சொல்லிவிட்டது. தென்கொரியாவில் விகிதங்களை வெளியிட வேண்டும் என்ற சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. எல்லா நாடுகளும் ஒரே பக்கம் நிற்கவில்லை. நெதர்லாந்தின் உயர் நிர்வாக நீதிமன்றம் 2022இல் ஒரு கால்பந்து விளையாட்டின் குலுக்கல் உறைகளைச் சூதாட்டம் என்று கொள்ள மறுத்து அபராதத்தை நீக்கியது. அந்தத் தீர்ப்பு அந்த நாட்டுச் சூதாட்டச் சட்டத்தின் வரையறையைப் பற்றியது. பிள்ளைக்கு நல்லதா என்ற கேள்வியை அது தொடவில்லை. நம் நாட்டில் விவாதம் வேறு இடத்தில் நிற்கிறது. ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிரான தமிழ்நாட்டுச் சட்டம் 2023 ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. ஆன்லைன் பண விளையாட்டுகளைத் தடை செய்யும் மத்தியச் சட்டம் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. இரண்டும் பணம் வைத்துப் பணம் எடுக்கும் ஆட்டங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ரம்மியில் குடும்பங்கள் அழிந்ததைப் பார்த்த பிறகு அந்தக் கவலை முன்னுக்கு வந்தது இயல்பு. பணம் போட்டு ஒரு குட்டியின் படத்தை எடுக்கும் ஆட்டம் அந்த விவாதத்தின் விளிம்பில்கூட இல்லை. ஆனால் தோற்ற பிறகு இன்னொரு முறை என்று விரல் நகரும் பழக்கம் ரம்மி மேசையில் தொடங்குவதில்லை, அதற்கு வெகு முன்பே பழகிவிடுகிறது.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. இப்போது ‘போகிமான் கோ’வில் முட்டையைத் தொட்டால் உள்ளே எவையெல்லாம் இருக்கலாம் என்ற பட்டியல் தெரிகிறது, எது அரிது என்பதற்கு அடையாளக் குறிகளும் இருக்கின்றன. அந்தக் குறிகள் அரிது என்று சொல்கின்றனவே தவிர, எத்தனையில் ஒன்று என்று சொல்வதில்லை. நூறு முட்டையில் எத்தனை பிச்சு, எத்தனை டோகெபி என்பதைத் தமிழ் உட்பட அந்தந்த மொழியில் வாங்கும் திரையிலேயே எழுதிவைக்கச் சட்டம் சொல்ல வேண்டும். இன்குபேட்டரின் விலையை நாணயத்தோடு ரூபாயிலும் காட்ட வேண்டும். 18 வயதுக்கு உட்பட்டவர்களின் கணக்குக்குப் பணத்தால் இன்குபேட்டர் விற்பதை நிறுத்த வேண்டும். ஆட்டத்துக்குள் சம்பாதித்த நாணயத்தால் அவர்கள் வாங்கிக்கொள்ளட்டும், ஒரு வாரம் காத்திருந்து வாங்கினால் பிச்சு ஓடிப்போய்விடாது. பிச்சு பிகாச்சுவாக மாறுவதற்கு 25 மிட்டாய்க்குப் பதிலாக ஒட்டுதலை நிபந்தனையாக வைப்பதும் முடியாத காரியமில்லை. துணையாகத் தேர்ந்தெடுத்த உயிரோடு நடந்தால், அதற்கு உணவு கொடுத்தால், அதோடு விளையாடினால் இதயக் குறிகள் சேரும் முறை 2019 டிசம்பரிலிருந்து அதே செயலிக்குள் இயங்கிக்கொண்டிருக்கிறது. அந்த இதயங்களைப் பிச்சுவின் உருமாற்றத்தோடு இணைப்பதற்கு ஒரு புதுப்பிப்பு போதும்.